சுவிஸ் பனிச்சரிவில் பிள்ளை இறந்தால்: கொழும்பிலிருந்து செய்யவேண்டியவை

போன வருடம் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இரவு எட்டு மணியிருக்கும். வெள்ளவத்தையில் அண்ணி வீட்டுக்கு சுவிஸிலிருந்து ஒரு பெடியன் தொலைபேசி எடுத்தான். என் பெறாமகனோடு, அதாவது அண்ணியின் மகனோடு, வேலை செய்தவன். வலே மாநிலத்தில் ஸ்கீ டூர் (பனிச்சறுக்குப் பலகையோடு மலை ஏறிச் சறுக்கி இறங்குவது) போன இடத்தில் பனிச்சரிவு வந்து நாலு பேரில் இரண்டு பேரை மூடிவிட்டது என்றான். எங்கள் பிள்ளை அந்த இரண்டு பேரில் ஒருவன். வயது 29.

அடுத்த மூன்று கிழமையும் ஓடித் திரிந்தது நான். சுவிஸில் எங்களுக்குச் சொந்தக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வயதாகி, வருத்தம் வந்து இறந்தவர்களை அனுப்பிவைத்த அனுபவம்தான் அவர்களுக்கும். மலையில் விபத்தில் போனால் பொலிஸ், அரச வழக்குத்தொடுநர், விபத்துக் காப்புறுதி என்று பாதையே வேறு. அந்தப் பாதையில் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதை இன்னொரு வீட்டுக்கு உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

எங்கள் பிள்ளை இலங்கைக் கடவுச்சீட்டோடு அங்கே வேலை செய்தவன், கலியாணம் ஆகாதவன். உங்கள் வீட்டு நிலைமை வேறாக இருந்தால் சில இடங்கள் மாறும், அதையும் அங்கங்கே சொல்கிறேன். செய்தி வந்துவிட்ட வீடு என்றால் 1ல் தொடங்குங்கள். பிள்ளை பனிமலை ஏறத் தொடங்கியிருக்கிறான், அவ்வளவுதான் என்றால் நேரே 9க்குப் போங்கள்.

1. முதல் இரவு: என்ன நிலை என்று சரியாகக் கேளுங்கள்

"பனிச்சரிவில் அகப்பட்டுவிட்டான்" என்றால் மூன்று விதமாக இருக்கலாம். மீட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். உடல் கிடைத்திருக்கலாம். இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். இதில் எது என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். நாங்கள் அழுதுகொண்டே கேட்டதில் அரை மணி நேரம் தவறாக விளங்கிக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரி என்றால், பல மணி நேரம் முடிவு தெரியாமல் இருக்கலாம். பனிக்குள் கிடந்து உடல் மிகவும் குளிர்ந்துபோனவரை, உடலைச் சூடேற்றிப் பார்க்காமல் இறந்துவிட்டார் என்று வைத்தியர்கள் சொல்லத் தயங்குவார்கள். அதனால் "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்பதை மறைக்கிறார்கள் என்று எடுக்கவேண்டாம்.

தேடுகிறார்கள் என்றால், இருட்டியதும் அல்லது இரண்டாவது சரிவு வரும் ஆபத்து இருந்தால் தேடுதலை நிறுத்துவார்கள். மீட்கப் போகிறவர்களும் அந்தச் சரிவின் கீழேதான் நிற்கிறார்கள். தொலைபேசியில் சத்தம் போட்டுப் பலனில்லை. எனக்குத் தெரிந்தவரை சத்தம் போட்டுப் பார்த்தவன் நான்தான்.

அந்த இரவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை: எந்த மாநிலப் பொலிஸ், கதைத்த அதிகாரியின் பெயர், நேரடித் தொலைபேசி இலக்கம், வழக்கு இலக்கம். பனிக்காலத்தில் சுவிஸ் நேரம் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே காலை எட்டு என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே இரவு ஒன்பதரை. மத்தியானம் பல அலுவலகங்கள் பூட்டியிருக்கும், சனி ஞாயிறு சொல்லவே வேண்டாம். காலையில் எழும்பி ஓடுவதால் ஒன்றும் நடக்காது. காலையில் கொழும்பு வேலை, பின்னேரம் சுவிஸ் வேலை என்று பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று. மலை விபத்தென்றால் மாநிலப் பொலிஸ் பத்திரிகை அறிக்கை விடும். பெயர் இருக்காது, வயதும் நாடும் இருக்கும். "29 வயது இலங்கையர்" என்று வந்துவிட்டால் நம்மவர்களின் வட்ஸ்அப் குழுக்களுக்கு அது போதும். அறிக்கை வருவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். எங்கள் பெரியம்மா செய்தியைப் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து அறிந்தார்.

2. கையெழுத்துக்கு ஒருவர், தொலைபேசிக்கு ஒருவர்

சட்டப்படி நெருங்கிய உறவு யார் என்பதை முதலில் தீர்மானியுங்கள். கலியாணம் செய்தவர் என்றால் துணைவர். இல்லையென்றால் தாய் தகப்பன். கையெழுத்து அவருடையது. ஆனால் அவரால் அந்த நாட்களில் தொலைபேசியில் கதைக்க முடியாது, கதைக்க விடவும் கூடாது. ஆங்கிலம் தெரிந்த, அழுகையை ஒத்திவைக்கத் தெரிந்த ஒருவரைப் பொலிஸுக்கும் தூதரகத்துக்கும் தொடர்பாளராக எழுத்தில் அறிவியுங்கள்.

சுவிஸில் நம்பிக்கையான உறவு ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தால் பாதி வேலை குறையும். இங்கேதான் எங்கள் முதல் வீண்செலவு. நொத்தாரிசிடம் போய் முத்திரை வைத்த அற்றோனித் தத்துவம் எழுதுவித்து, அதை அத்தாட்சிப்படுத்த ஒரு நாள் முழுக்க அலைந்தோம். கடைசியில் அங்கே உள்ள இறுதிச்சடங்கு நிறுவனம் கேட்டது ஒரு பக்க ஆங்கிலக் கடிதமும், அண்ணியின் கையெழுத்தும், கடவுச்சீட்டின் பிரதியும் மட்டும். மின்னஞ்சலில் அனுப்பியதையே ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே முதலில் கேளுங்கள்: "ஸ்கேன் செய்த கையெழுத்து போதுமா?" வங்கிக்கும் சொத்துக்கும்தான் கனமான பத்திரம் தேவை. அது பிறகு.

3. பொலிஸ் விசாரணையும் உடல் விடுவிப்பும்

பனிச்சரிவு மரணம் இயற்கை மரணம் அல்ல. அரச வழக்குத்தொடுநர் விசாரணை தொடங்குவார், சட்ட வைத்தியர் உடலைப் பார்ப்பார். யாரோ குற்றம் செய்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கூடப் போன பிள்ளைகளிடமும் வாக்குமூலம் எடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளோடு கோபப்படாமல் தொடர்பில் இருங்கள். பிற்பாடு காப்புறுதிக்கு அவர்கள் சொல்வதுதான் முக்கியம். அதைவிட, அவர்கள்தான் கையால் பனியைத் தோண்டியவர்கள்.

வழக்குத்தொடுநர் எழுத்தில் விடுவிக்கும் வரை யாரும் உடலைத் தொட முடியாது. எங்களுக்கு நாலு நாள் எடுத்தது, இடையில் ஒரு ஞாயிறு. விமானம் பதிவு செய்வது, மண்டபம் பிடிப்பது, பத்திரிகையில் மரண அறிவித்தல் போடுவது எல்லாம் இந்தக் கடிதத்துக்குப் பிறகுதான். நாங்கள் அறிவித்தலைத் திகதியோடு போட்டுவிட்டு இரண்டு தரம் மாற்றினோம்.

அங்கேயே தகனம் செய்வதாக இருந்தால், விடுவிப்புக் கடிதம் தகனத்தையும் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். எரித்தபின் திரும்பப் பரிசோதிக்க முடியாது என்பதால் அதற்குத் தனியாக அனுமதி கேட்பார்கள்.

உடல் கிடைக்காமல் போனால்? சில உடல்கள் பனி உருகும்போதுதான் வெளியே வரும். சுவிஸ் குடியியல் சட்டத்தின் 34ஆம் பிரிவு, மரணம் நிச்சயம் என்று கருதும் சூழலில் காணாமற்போனவரின் இறப்பை, உடலை ஒருவரும் காணாவிட்டாலும், நிரூபிக்கப்பட்டதாக ஏற்கிறது. சாட்சிகள் கண்முன்னே சரிவு மூடியிருந்தால் இந்த வழியைக் கேளுங்கள். அது சரிவராவிட்டால், உயிராபத்தில் காணாமற்போனவர் என்று அறிவிக்கும்படி ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் அங்கே ஒரு சட்டத்தரணி வேண்டும்.

4. உடலா, சாம்பலா

மிகவும் கஷ்டமான கதை இது. இதை முதல் 48 மணித்தியாலத்தில் முடிவெடுக்கச் சொல்லி எல்லோரும் நெருக்குவார்கள். உண்மையில் அவ்வளவு அவசரமில்லை. உடல் விடுவிக்கப்படும்வரை நேரமிருக்கிறது, அதற்குப் பிறகும் குளிரறையில் வைத்திருப்பார்கள்.

உடலைக் கொண்டுவருவதென்றால் எம்பாம் செய்து, துத்தநாகத் தகடு போட்டு மூடி முத்திரையிட்ட பெட்டியில், விமானச் சரக்காக வரும். எங்களுக்கு வந்த மதிப்பீடுகள் எல்லாம் ஐயாயிரம் பிராங்குக்கு மேலே, பத்தாயிரத்துக்குக் கீழே. இரண்டு இடத்திலாவது கேளுங்கள். "எல்லாம் சேர்த்து" என்று சொல்கிறவரிடம் எம்பாம், பெட்டி, உள்ளூர் வாகனம், ஆவணக் கட்டணம், விமானச் சரக்கு என்று ஐந்தையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலில் விலை சொன்ன நிறுவனம் விமானச் சரக்கை விட்டுவிட்டுச் சொன்னது.

பெட்டியைத் திறக்கலாமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். பனிச்சரிவு என்றால் முகம் அப்படியே உறங்குவதுபோல் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சில வேளை இருக்கும். சரிவு பாறையிலும் மரத்திலும் அடித்துக்கொண்டு வந்திருந்தால் இருக்காது. அங்கே உடலைப் பார்த்த ஒருவர் உண்மையைச் சொன்னால்தான் தாயைத் தயார்ப்படுத்தலாம்.

அங்கேயே தகனம் என்றால் செலவு நன்றாகக் குறையும். சுவிஸில் நம் குருமார் இருக்கிறார்கள், தகனசாலையில் கிரியை செய்து பழகியவர்கள். சாம்பலை உறவினர் ஒருவர் கைப்பையிலேயே கொண்டுவரலாம். மரணச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கூடவே இருக்கவேண்டும். கலசம் எக்ஸ்ரே ஊடுருவக்கூடிய பொருளாக இருக்கட்டும், உலோகக் கலசம் என்றால் பாதுகாப்புச் சோதனையில் மறித்துவிடுவார்கள். அந்தியேட்டியை முகத்துவாரத்திலோ கீரிமலையிலோ செய்யலாம்.

அண்ணி உடல்தான் வேண்டும் என்றார். ஒரு மாமா, "காசைக் கரியாக்காதே" என்றார். தாய் சொன்னதைச் செய்தோம். பிறகு யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

5. ஆவணங்கள்: எது யாரிடம்

சுவிஸ் பக்கம், விபத்து நடந்த இடத்துக்குரிய குடிசார் பதிவு அலுவலகம் மரணத்தைப் பதிந்து சான்றிதழ் தரும். குறைந்தது ஆறு மூலப்பிரதி கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு, ஆனால் பிறகு கொழும்பிலிருந்து ஒன்றை எடுப்பது அதைவிடச் செலவு. மாநிலத்தைப் பொறுத்து சான்றிதழ் ஜெர்மன், பிரெஞ்சு அல்லது இத்தாலிய மொழியில் இருக்கும். வலேயில் மேல் பகுதி ஜெர்மன், கீழ்ப் பகுதி பிரெஞ்சு.

கவனியுங்கள்: சுவிஸ் மரணச் சான்றிதழில் மரணத்தின் காரணம் இருக்காது. நம்முடைய மரணச் சான்றிதழில் அதற்கென்றே ஒரு கூடு இருக்கிறது. அதனால் இங்கே உள்ள வங்கி, காப்புறுதி, பிரதேச செயலகம் எல்லாம் "காரணம் எங்கே?" என்று கேட்கும். உடல் அங்கே இருக்கும்போதே காரணத்தைச் சொல்லும் வைத்தியக் கடிதமும், விபத்தை உறுதிப்படுத்தும் பொலிஸ் கடிதமும் கேட்டு வாங்குங்கள். நாங்கள் இதைத் தவறவிட்டு, ஐந்து மாதம் கழித்து ஒரு கடிதத்துக்காக ஒன்பது மின்னஞ்சல் எழுதினோம்.

உடல் வருவதற்குத் தேவையான கட்டு இது: மரணச் சான்றிதழ், உடலைக் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரம், எம்பாம் செய்த சான்றிதழ், தொற்றுநோய் இல்லை என்ற வைத்தியச் சான்றிதழ், பெட்டி முத்திரையிட்ட சான்றிதழ், இறந்தவரின் கடவுச்சீட்டு, ஜெனீவாவில் உள்ள இலங்கையின் கொன்சல் ஜெனரல் அலுவலகம் தரும் கடிதம். அனுமதிப்பத்திரத்தை ஜெர்மனில் லைஹன்பாஸ் என்பார்கள். தொலைபேசியில் அந்தச் சொல் காதில் விழுந்தால் பயப்படவேண்டாம், உடலுக்கான கடவுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் முக்கால்வாசியை இறுதிச்சடங்கு நிறுவனமே எடுக்கும். ஜெனீவாக் கடிதத்தை மட்டும் நீங்களே பின்தொடருங்கள்.

கொழும்பு பக்கம், வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு பத்தரமுல்லையில் சுஹுருபாய கட்டடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்திலும் ஒரு கிளை உண்டு. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டுப் பிரதி, தாயின் அடையாள அட்டை, உறவை நிரூபிக்கும் பத்திரங்கள், ஒரு பக்க வேண்டுகோள் கடிதம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். போட்டோக் கொப்பி அங்கே போய் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். வெள்ளவத்தையிலேயே ஒவ்வொன்றிலும் பத்து எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறுங்கள். ஜெனீவாவுக்கு அவர்கள் ஊடாகவும் செய்தி போகும். ஆனால் நேரடியாகவும் மின்னஞ்சல் போடுங்கள், இரண்டு வழியும் ஒன்றையொன்று காத்திருக்காது.

இலங்கைக் குடிமகன் என்றால் மரணத்தை ஜெனீவாவிலேயே இலங்கை முறைப்படியும் பதியவேண்டும். அந்தப் பதிவு பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு வந்த பிறகுதான் நமக்கு உள்ளூர்ச் சான்றிதழ் கிடைக்கும். எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. சுவிஸ் குடியுரிமை மட்டும் உள்ளவர் என்றால் இந்தப் பதிவு கிடையாது. அப்போது சுவிஸ் சான்றிதழை மொழிபெயர்த்து அத்தாட்சிப்படுத்தித்தான் எல்லா இடமும் காட்டவேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கிலப் பிரதியாக இருக்கட்டும்.

பெயர்ப் பிரச்சினையை எல்லா வீட்டிலும் எதிர்பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அங்கே தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கிப் பதிந்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்து. இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி ஆரம்பத்திலேயே முடித்து வைத்தால் பிறகு நிம்மதி.

6. யாராவது போவதென்றால்

அண்ணி போகவேண்டும் என்று நின்றார். கடவுச்சீட்டு முடிந்திருந்தது. குடிவரவுத் திணைக்களமும் அதே சுஹுருபாயவில்தான், ஒருநாள் சேவைக்கு நாங்கள் கட்டியது 20,000 ரூபாய். அதன் பிறகு ஷெங்கன் விசா: கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோ ஈடுள்ள பயணக் காப்புறுதி, கைரேகை. சாதாரணமாக 15 நாள் எடுக்கும். மரணம் என்று பொலிஸ் கடிதத்தோடு எழுதினால் முன்னுக்கு எடுப்பார்கள், ஆனால் உறுதி தரமாட்டார்கள். உடலை இங்கே கொண்டுவருவதாக முடிவெடுத்திருந்தால், வயதான தாயை இந்த ஓட்டத்தில் இழுக்காதீர்கள். நாங்கள் இழுத்தோம். கைரேகை எடுக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். விசா வருவதற்குள் பெட்டி வந்துவிட்டது.

7. கட்டுநாயக்கவில்

விமானச் சரக்குப் பத்திரத்தில் பெறுநர் என்று யாருடைய பெயரைப் போடுகிறார்கள் என்பதை, அங்கே பெட்டி ஏற்றப்படும் முன் கேளுங்கள். அந்தப் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும், அந்த ஆளே வரவேண்டும். அண்ணியின் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்பதால், அவரையும் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு விடியப்புறம் போய்ச் சரக்கு முனையத்தில் நின்றோம். என்னுடைய பெயராக இருந்திருக்கலாம்.

விமான நிலைய சுகாதார அதிகாரி ஆவணங்களைப் பார்ப்பார், பிறகு சுங்கம், பிறகு பெட்டி. நாங்கள் இறங்கி வெளியே வர மூன்று மணித்தியாலம். ஒரு மலர்ச்சாலையை ஏற்கெனவே பேசி வைத்தால் அவர்களே இந்த வரிசையை அறிவார்கள், வாகனமும் அவர்களுடையது. பொரளையிலோ கல்கிசையிலோ தகனத்துக்கு நேரம் குறிக்க மரணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைக் கேட்பார்கள், ஒரு பிரதியை முதல் நாளே கொடுத்து வையுங்கள்.

8. காசு: வருவதும் போவதும்

இதைக் கதைக்க வெட்கப்படுகிறோம். பிறகு இரண்டு வருடம் கவலைப்படுகிறோம்.

சுவிஸில் ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமாவது வேலை செய்கிறவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் கட்டாயக் காப்புறுதி உண்டு. பனிச்சறுக்கும் அதில் அடக்கம். எந்த நிறுவனத்தின் காப்புறுதி என்று முதலாளியிடம் கேளுங்கள், அறிவிப்பதும் முதலாளியின் கடமை. மீட்புச் செலவு, உடலை அடக்கம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகும் செலவு, வரம்புக்குட்பட்ட இறுதிச்சடங்குச் செலவு ஆகியவை இதில் வரும். இறுதிச்சடங்குக்கான வரம்பு 2,842 பிராங்க். வெளிநாட்டுப் பகுதிக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எல்லா ரசீதும் மூலப்பிரதியாக வேண்டும். நாங்கள் ஒரு ரசீதை மலர்ச்சாலையிலேயே விட்டுவிட்டோம்.

இறந்தவருக்கு மனைவியோ பிள்ளைகளோ இருந்தால் ஓய்வூதியம் உண்டு: துணைவருக்கு காப்புறுதி செய்த சம்பளத்தில் 40 வீதம், தகப்பனையோ தாயையோ இழந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 15 வீதம். தாய் தகப்பனுக்கு இந்தக் காப்புறுதியில் ஓய்வூதியம் இல்லை. ஒரு பொறி இங்கே இருக்கிறது. தெரிந்தே ஆபத்தில் இறங்கினார் என்று கண்டால் பணப் பலன்களைப் பாதியாகக் குறைக்கலாம், மோசமான சந்தர்ப்பத்தில் மறுக்கவும் செய்யலாம். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை என்ன, கருவிகள் இருந்தனவா என்று கேட்பது அதற்காகத்தான். கூடப் போனவர்களின் வாக்குமூலம் எழுதப்படும்போது "என்னவோ ஒரு ஆசையில் போனோம்" என்ற வகைப் பேச்சு கோப்பில் ஏறினால் அதுவே வினையாகும். பொய் சொல்லச் சொல்லவில்லை. திட்டமிட்டது, பார்த்த அறிக்கை, கொண்டுபோன கருவி, இதெல்லாம் உண்மையாக இருந்தால் அதையும் சொல்லச் சொல்கிறேன்.

தாய் தகப்பன் கேட்க வேண்டிய வேறு இடங்கள் மூன்று. ஒன்று, வேலையிடத்து ஓய்வூதிய நிதியம்: அதன் விதிகளில் இடமிருந்தால் பெற்றோருக்கு மரணத் தொகை கிடைக்கலாம். இரண்டு, மூன்றாம் தூண் என்று சொல்லும் தனிப்பட்ட சேமிப்பு. மூன்று, கடைசிச் சம்பளம்: இறந்தவர் தாங்கவேண்டிய உறவு இருந்தால், முதலாளி இன்னும் ஒரு மாதச் சம்பளமும், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் இரண்டு மாதமும் கொடுக்கவேண்டும். பிள்ளை மாதாமாதம் அனுப்பிய பணத்தின் வங்கிக் கூற்றைக் காட்டித்தான் அண்ணிக்கு இது கிடைத்தது. வேலைக்கென்று இங்கேயிருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர் என்றால் அங்கேயும் கேளுங்கள்.

போகும் பக்கம்தான் ஆட்கள் தடுக்கி விழுவது. பிள்ளைக்குக் கடன் இருந்தால் அது வாரிசுகளுக்கு வரும். வாரிசுரிமையை மறுக்க வேண்டுமென்றால் மரணத்தை அறிந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுக்கவேண்டும். அதற்கிடையில் அவனுடைய கார், தளபாடம், வங்கிக் கணக்கு என்று கைவைத்தால், ஏற்றுக்கொண்டதாகக் கருதி மறுக்கும் உரிமையே போய்விடலாம். "வீட்டைக் காலி பண்ணிக் காரை வித்துக் குடுக்கிறன்" என்று அங்கே ஒரு மச்சான் நல்ல மனதோடு வருவார். அவரை நிறுத்துங்கள். முதலில் கடன் எவ்வளவு, குத்தகை எவ்வளவு என்று பாருங்கள். வீட்டு வாடகை மரணத்தோடு நிற்காது, வாரிசுகள் முறைப்படி அறிவித்தல் கொடுக்கவேண்டும்.

வாரிசு யார் என்பதிலும் கவனம். கலியாணமாகாதவருக்குப் பெற்றோர் பாதிப் பாதி. தகப்பன் உயிரோடு இல்லையென்றால் அவருடைய பாதி சகோதரங்களுக்குப் போகும். பிள்ளையின் தகப்பனான என் அண்ணா ஏற்கெனவே இறந்துவிட்டதால், எங்கள் வீட்டில் பிள்ளையின் தங்கச்சியின் கையெழுத்தும் தேவைப்பட்டது. அவள் அப்போது மெல்பேர்னில். ஒரு மாதம் அதிலேயே போனது.

உதவிக்குக் காசு சேர்க்கிறோம் என்று யார் தொடங்கினாலும், எந்தக் கணக்கு, யார் பொறுப்பு என்று குடும்பம் எழுத்தில் சொல்லும் வரை விடாதீர்கள்.

9. இன்னும் நடக்காத வீட்டுக்கு

"பாத்துப் போ" என்பதற்குப் பதிலாக எதைக் கேட்கலாம் என்பதை, அவனுடைய நண்பர்கள் எனக்குப் பிறகு சொல்லித்தந்தார்கள். பனிச்சறுக்கு மையத்தின் பாதை வேறு, அதன் கயிறைத் தாண்டிப் போகும் மலை வேறு. மையத்தின் பாதைகளைப் பராமரித்துப் பாதுகாக்கிறார்கள். ஸ்கீ டூர் என்பது தாண்டிய பக்கம். முதலில் இதைக் கேளுங்கள்: எந்தப் பக்கம் போகிறாய்?

இரண்டாவது, அன்றைய எச்சரிக்கை நிலை என்ன? டாவோஸில் உள்ள எஸ்எல்எப் என்ற பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனம் பனிக்காலத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்கு அறிக்கை விடுகிறது, காலை எட்டுக்கு இன்னொன்று. ஆங்கிலத்திலும் உண்டு. அளவு 1 முதல் 5 வரை. ஏமாற்றும் நிலை 3. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம்போலத் தோன்றும், பரீட்சையில் அறுபது புள்ளி மாதிரி. ஆனால் மரணங்களில் பெரும்பங்கு நடப்பது அந்த மூன்றில்தான். ஏனென்றால் 4, 5 என்றால் ஆட்கள் வீட்டில் நிற்பார்கள், மூன்றில் போவார்கள். எங்கள் பிள்ளை போன நாளும் 3.

மூன்றாவது, சரிவு எத்தனை பாகை? பெரும்பாலான பனிச்சரிவுகள் முப்பது பாகைக்கு மேல் சாய்ந்த சரிவில்தான் கிளம்புகின்றன. நாடகத்தில் காட்டுவதுபோல எங்கோ மேலிருந்து தானாக வருவது குறைவு. சறுக்கிச் செல்பவரின் பாரமோ அவருடைய குழுவின் பாரமோதான் பனித்தட்டை உடைப்பது. சத்தம் போட்டால் சரியும் என்பதும் கதைதான்.

நாலாவது, எல்லோரிடமும் மூன்று கருவி இருக்கிறதா: புதைந்தவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, ஆழம் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வெட்டி. ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் பாதிக்கு மேல் வீண். தேடும் கருவி இடத்தைக் காட்டும், கம்பி ஆளைத் தொடும், மண்வெட்டிதான் வெளியே எடுக்கும். முதல் பத்து நிமிடத்தில் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர். ஹெலிகொப்டர் வருவதற்குள் அந்தப் பத்து நிமிடம் முடிந்துவிடும். அதனால் காப்பாற்றப் போகிறவர்கள் கூடப் போனவர்கள்தான். அவர்கள் பயிற்சி எடுத்திருக்கிறார்களா என்பதைக் கேளுங்கள், கருவியை வாங்கிப் பையில் போட்டால் மட்டும் போதாது. எங்கள் பிள்ளையை அவர்கள் 35 நிமிடத்தில் எடுத்தார்கள். நாலு பேருக்கு இரண்டு மண்வெட்டி.

மீட்பு இலக்கங்கள்: சுவிஸில் ஹெலிகொப்டர் மீட்புச் சேவையான ரேகா 1414, வலேயில் 144, எங்கும் 112. இது பிள்ளைக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியத் தேவையில்லை.

உங்களுக்குத் தேவையானது ஒரு தாள். முதலாளியின் பெயரும் இலக்கமும், விபத்துக் காப்புறுதி நிறுவனம், ஓய்வூதிய நிதியம், வங்கி, வீட்டுக்காரர், கூட மலை ஏறுகிற இரண்டு பேரின் பெயரும் இலக்கமும், கடவுச்சீட்டின் பிரதி. பிள்ளையின் தொலைபேசியில் அவசரத் தொடர்பாக ஆங்கிலம் கதைக்கக்கூடிய ஒருவரின் இலக்கம் இருக்கட்டும். எங்கள் பிள்ளையின் தொலைபேசியில் அவசரத் தொடர்பு என்று இருந்தது அண்ணியின் பழைய டயலொக் இலக்கம். அதை இப்போது வத்தளையில் ஒரு மீன் வியாபாரி பாவிக்கிறார். சுவிஸ் பொலிஸ் முதலில் அழைத்தது அவரை. நல்ல மனிதர், ஒன்றும் விளங்காமல் நாலு தரமும் எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறார்.